பூசணம் இல்லை, முட்டை! மக்காச்சோளப் படைப்புழுவை அடையாளம் காண்போம்



சென்ற மாதம் நமது கூட்டமைப்புக் கூட்டத்தில் கடன் தவணை பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். உறுப்பினர் ஒருவர் எழுந்தார். ஒன்றரை ஏக்கர் மானாவாரிக் காட்டில் மக்காச்சோளம் போட்டவர். வீட்டுக்காரர் வெளியூரில் வேலை பார்க்கிறார். விதை, உரம், உழவுக்கூலி எல்லாமே சங்கக் கடன்தான்.

"நாலு தடவை மருந்து அடிச்சேங்க. வாங்குன கடன்ல பாதி மருந்துக்கே போச்சு. ஆனா புழு சாகலை. பாதிக் கதிருல மணியே பிடிக்கலை. தவணையைக் கொஞ்சம் தள்ளிக் குடுங்க" என்று கேட்டார்.

தவணையைத் தள்ளித் தர எல்லோரும் சேர்ந்து தீர்மானம் போட்டோம். கூட்டம் முடிந்ததும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "அக்கா, முதல்ல எப்போ பார்த்தீங்க?" என்று கேட்டோம். அவர் சொன்ன பதில்தான் இந்தப் பாடத்தை எழுத வைத்தது.

"பதினஞ்சாம் நாள் களையெடுக்கும்போதே பார்த்தேம்மா. இலையில சாம்பல் நிறத்துல பஞ்சு ஒட்டுன மாதிரி அங்கங்க இருந்துச்சு. ஏதோ பூசணம்னு நெனச்சு விட்டுட்டேன்."

அது பூசணம் இல்லை. படைப்புழுவின் முட்டை! அன்றைக்கு அந்தக் காட்டில் எட்டு பெண்கள் களையெடுத்தார்கள். எட்டுப் பேரில் ஒருவருக்காவது அது முட்டை என்று தெரிந்திருந்தால், கட்டைவிரலால் நசுக்கிவிட்டுப் போயிருக்கலாம். ஒரு பைசா செலவில்லை. தெரியாததால் கடன் பணம் போனது.

மருந்துக்கடைக்குப் போவது பெரும்பாலும் ஆண்கள். ஆனால் பயிரை மிக அருகில் குனிந்து பார்ப்பவர்கள் நாம்தான். பூச்சியை முதலில் பார்க்கும் கண்ணும் நம்முடையதுதான். அதனால் இந்தப் பூச்சியின் முகம் நமக்குத் தெரிந்தாக வேண்டும். வாருங்கள், பார்ப்போம்.

இது எங்கிருந்து வந்தது?

"எங்க அம்மா காலத்துல இப்படி ஒரு புழுவைப் பார்த்ததே இல்லை" என்று பலர் சொல்கிறார்கள். உண்மைதான். இது நம் ஊர்ப் பூச்சி இல்லை. அமெரிக்கக் கண்டத்தின் வெப்பமான நாடுகளில் காலம் காலமாக இருந்த பூச்சி. 2016-ல் ஆப்பிரிக்காவில் கண்டுபிடித்தார்கள். 2018 மே மாதம் கர்நாடக மாநிலத்தில் மக்காச்சோள வயல்களில் தென்பட்டது. அதே 2018-ல் தமிழ்நாட்டுக்கும் வந்துவிட்டது. பெரம்பலூர், அரியலூர் போன்ற மக்காச்சோள மாவட்டங்களில் அந்த ஆண்டே பெரிய சேதம் செய்தது.

இவ்வளவு வேகமாக எப்படிப் பரவியது? புழுவால் ஊர் விட்டு ஊர் போக முடியாது. தாய்ப்பூச்சிக்கு இறக்கை இருக்கிறது. காற்று சாதகமாக இருந்தால் ஒரே இரவில் 100 கிலோமீட்டர் வரை பறக்கக் கூடியது.

ஏன் மக்காச்சோளத்தைத் தேடி வருகிறது? மக்காச்சோளம், சோளம், கம்பு, கேழ்வரகு, நெல், கரும்பு இவை எல்லாமே புல் குடும்பத்தைச் சேர்ந்தவை. இந்தப் பூச்சி பலவகைச் செடிகளைத் தின்னும். ஆனாலும் அதற்கு ரொம்பப் பிடித்தது புல் வகைதான். அதிலும் முதல் பந்தி மக்காச்சோளத்துக்கு! அது கிடைக்காதபோது மற்ற புல் பயிர்களிலும், வரப்பில் முளைத்த புல்லிலும் காலம் தள்ளும்.

'படைப்புழு' என்று பெயர் வந்தது ஏன்? ஓரிடத்தில் தின்று தீர்த்துவிட்டால், படை கிளம்புவதுபோல் கூட்டமாக அடுத்த இடத்துக்கு நகரும். அதனால்தான் அந்தப் பெயர்.

நான்கு வேடம் போடும் பூச்சி

இந்தப் பூச்சி தன் வாழ்நாளில் நான்கு வேடம் போடுகிறது. முட்டை, புழு, கூட்டுப்புழு, அந்துப்பூச்சி. நமக்குத் தெரிந்தது புழு வேடம் மட்டும்தான். மற்ற மூன்றையும் தெரிந்துகொண்டால்தான் அதை முந்திக்கொள்ள முடியும்.

முதல் வேடம்: முட்டை (2 முதல் 3 நாள்)

தாய்ப்பூச்சி இரவில் வந்து இலையில் முட்டை வைக்கும். இலையின் அடியிலும் வைக்கும், மேலேயும் வைக்கும். தனித்தனியாக வைக்காது. ஒரே இடத்தில் 100 முதல் 200 முட்டை வரை குவியலாக வைக்கும். வைத்த பிறகு தன் வயிற்றிலுள்ள செதில் முடியை உதிர்த்து அதன் மேல் போர்த்திவிடும். அதனால்தான் பார்க்கும்போது சாம்பல் நிறப் பஞ்சு மாதிரி, பூசணம் மாதிரி தெரிகிறது.

பூசணமா முட்டையா என்று சந்தேகம் வந்தால், நகத்தால் மெதுவாகச் சுரண்டிப் பாருங்கள். பூசணம் என்றால் தூள் மாதிரி போகும். முட்டை என்றால் பஞ்சுக்கு அடியில் கசகசா மாதிரி சின்னச் சின்ன உருண்டைகள் நெருக்கமாக இருக்கும். வெளிறிய பச்சை அல்லது வெண்மை நிறத்தில் இருக்கும். பொரிக்கும் நேரம் நெருங்கினால் கருத்துவிடும்.

நம் ஊர் வெயிலில் இரண்டு மூன்று நாளில் பொரித்துவிடும். அதாவது திங்கள்கிழமை வைத்த முட்டை வியாழக்கிழமை இருக்காது. வாரம் ஒருமுறை மட்டும் காட்டுப் பக்கம் போனால் முட்டையைத் தவறவிட்டுவிடுவோம். முதல் மாதத்தில் வாரம் இரண்டு முறையாவது பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

இரண்டாம் வேடம்: புழு (14 முதல் 22 நாள்)

சேதம் செய்வது இந்த வேடம் மட்டும்தான். பொரித்து வெளியே வரும்போது ஒரு மில்லிமீட்டர் நீளம்தான் இருக்கும். கரிய தலை, வெளிறிய உடம்பு. நூல் விட்டுத் தொங்கிக் காற்றில் ஆடி அடுத்த செடிக்குப் போய்விடும். ஒரு செடியில் வைத்த முட்டை சுற்றியுள்ள பல செடிகளைக் கெடுப்பது இப்படித்தான்.

வளர வளரப் புழு தோலை உரிக்கும். ஆறு பருவம் வளர்ந்து, கடைசியில் மூன்று நான்கு சென்டிமீட்டர் நீளம் ஆகிவிடும். நிறத்தை வைத்து அடையாளம் சொல்ல முடியாது. பச்சையாகவும் இருக்கும், பழுப்பாகவும் இருக்கும், கருப்பாகவும் இருக்கும். அதனால் நிறத்தை விட்டுவிடுங்கள். இரண்டு அடையாளத்தை மட்டும் மனதில் வையுங்கள்.

ஒன்று, தலை. பையன்கள் உண்டிவில் செய்யும் கவட்டைக் குச்சியைத் தலைகீழாகப் பிடித்த மாதிரி, தலையில் ஒரு வெளிறிய கோடு இருக்கும்.

இரண்டு, வால் பக்கம். கடைசிக்கு முந்தைய கண்ணியில் நான்கு கரும்புள்ளிகள் சதுரமாக இருக்கும். வாசலில் நாம் வைக்கும் இரண்டு புள்ளி, இரண்டு வரிசைக் கோலம் மாதிரி.

தலையில் கவட்டை, வாலில் கோலப்புள்ளி. இரண்டும் இருந்தால் படைப்புழு. புழு கொஞ்சம் வளர்ந்த பிறகுதான் இவை தெளிவாகத் தெரியும். சின்னதாக இருக்கும்போது இலையில் உள்ள அடையாளத்தை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். இலை பேசும் மொழி இதுதான்:

* இலையில் பச்சையைச் சுரண்டி எடுத்து, வெள்ளைக் காகிதம் மாதிரி மெல்லிய தோல் மட்டும் நின்றால்: பொரித்துச் சில நாளே ஆன குட்டிப் புழு. மிக நல்ல நேரம், உடனே கவனிக்கலாம்.
* இலையில் ஓட்டைகள் விழுந்திருந்தால்: புழு நடுத்தர வயதுக்கு வந்துவிட்டது. குருத்துக்குள் இறங்கியிருக்கும்.
* இலை கந்தலாகக் கிழிந்து, குருத்துக்குள் ஈர மரத்தூள் மாதிரி எச்சம் குவிந்து கிடந்தால்: பெரிய புழு. நேரம் தாழ்ந்துவிட்டது.

இலையின் குறுக்கே வரிசையாக ஊசியால் குத்தின மாதிரி சின்ன ஓட்டைகள் இருந்தால், அது தண்டுத் துளைப்பானாகவும் இருக்கலாம். குருத்தைப் பிரித்துப் புழுவைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம். பெரிய புழுக்கள் ஒன்றை ஒன்று தின்னும். அதனால் நூறு முட்டை பொரித்தாலும், பிறகு ஒரு குருத்துக்குள் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். "செடிக்கு ஒரு புழுதானே" என்று அலட்சியமாக இருந்துவிடாதீர்கள். ஒரு குருத்தைக் கெடுக்க ஒன்று போதும்.

மருந்து ஏன் வேலை செய்யவில்லை?

நம் உறுப்பினர் நான்கு முறை மருந்து அடித்தாரே, புழு ஏன் சாகவில்லை? காரணம் இப்போது விளங்கும். புழு தன் வாழ்நாளில் தின்னும் தீனியில் பெரும்பகுதியைக் கடைசிச் சில நாளில்தான் தின்கிறது. முதல் ஒரு வாரம் அது தின்பது நம் கண்ணுக்கே தெரியாது. காடு முழுக்கக் கந்தலாகத் தெரிந்து, "ஐயோ" என்று நாம் ஓடும்போது புழு பெரியதாகிவிட்டது. குருத்துக்குள் ஆழமாக உட்கார்ந்து, மேலே தன் எச்சத்தையே மூடி மாதிரி வைத்திருக்கிறது. மேலாக அடிக்கும் மருந்து இலையில் படும், புழுவின் மேல் படாது.

அதற்குப் பிறகு சில நாளில் புழு தானாகவே மண்ணுக்குள் போய்விடும். அப்போது அடிக்கும் மருந்து முழுக்க வீண்! செலவு நமக்கு, விஷம் மண்ணுக்கு. மருந்தில் குறையில்லாவிட்டாலும் நாள் தப்பினால் பலன் இல்லை.

மூன்றாம் வேடம்: கூட்டுப்புழு (8 முதல் 9 நாள்)

வளர்ந்த புழு செடியை விட்டு இறங்கி, மண்ணுக்குள் ஒன்று முதல் மூன்று அங்குல ஆழத்தில் கூட்டுப்புழுவாக மாறும். செம்பழுப்பு நிறம், ஒன்றரை சென்டிமீட்டர் நீளம், பார்க்கப் பேரீச்சங்கொட்டை மாதிரி இருக்கும். தின்னாது, நடக்காது. வெயில் காலத்தில் எட்டு ஒன்பது நாளில் பூச்சியாகிவிடும். குளிர் காலத்தில் கூடுதல் நாள் எடுக்கும்.

களையெடுக்கும்போது மண்ணில் இப்படி ஒன்று தென்பட்டால் விட்டுவிடாதீர்கள். நசுக்குங்கள், அல்லது கோழிக்குப் போடுங்கள்.

நான்காம் வேடம்: தாய் அந்துப்பூச்சி (சுமார் 10 நாள்)

விளக்கைச் சுற்றும் மற்ற அந்துப்பூச்சிகள் மாதிரிதான் இருக்கும். இறக்கையை விரித்தால் மூன்று நான்கு சென்டிமீட்டர் அகலம். உட்கார்ந்திருக்கும்போது இறக்கையைக் கூரை மாதிரி மடக்கி வைக்கும். ஆண் பூச்சியின் முன் இறக்கையில் சாம்பலும் பழுப்பும் கலந்திருக்கும். நுனியிலும் நடுவிலும் வெள்ளைத் திட்டு இருக்கும். பெண் பூச்சி அவ்வளவு பளிச்சென்று இருக்காது, ஒரே மாதிரி மங்கலாக இருக்கும். இரண்டுக்குமே பின் இறக்கை வெள்ளி மாதிரி வெளுத்து, ஓரம் கறுத்திருக்கும்.

பகலில் ஒளிந்துகொள்ளும். இரவில்தான் நடமாட்டம். வெளிவந்த மூன்று நான்கு நாளில் முட்டை வைக்கத் தொடங்கும். ஒரு பெண் பூச்சி தன் வாழ்நாளில் 1,000 முட்டைக்கு மேலும் வைக்கும்.

வட்டிக்கு வட்டி மாதிரி

எல்லா நாளையும் கூட்டிப் பாருங்கள். முட்டையிலிருந்து முட்டை வரை சுமார் ஒரு மாதம். மக்காச்சோளத்துக்கு வயது நூறு நாளுக்குப் பக்கம். அப்படியானால் நாம் கதிர் அறுப்பதற்குள் பூச்சிக்கு மூன்று தலைமுறை ஆகிவிடலாம்.

கந்துவட்டிக் கணக்கு நமக்குத் தெரியும்தானே? இதையும் அப்படிப் போட்டுப் பார்ப்போம். ஒரு பெண் பூச்சி 1,000 முட்டை வைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மழையிலும், எறும்பாலும், பறவையாலும், தங்களுக்குள்ளேயே தின்றும் 980 செத்துப்போகிறது. 20 மட்டும் தப்புகிறது. அதில் 10 பெண். அடுத்த மாதம் அந்தப் பத்தும் சேர்ந்து 10,000 முட்டை வைக்கும். அதே கணக்கில் அதில் 100 பெண் பூச்சி தப்பினால், மூன்றாம் முறை ஒரு லட்சம் முட்டை!

வட்டி ஏறுவதற்குள் அசலை அடைப்பதுதானே நம் குழுவில் நாம் கற்ற பாடம்? இதற்கும் அதே பாடம்தான். முதல் முப்பது நாளில் நசுக்கும் ஒவ்வொரு முட்டைக் குவியலும் பெரிய லாபம்.

முதல் முப்பது நாள் நாம் செய்ய வேண்டியவை

1. காட்டுக்குள் நடந்து பாருங்கள். முளைத்த ஒரு வாரத்திலிருந்து, வாரம் இரண்டு முறை. வரப்பில் நின்று பார்த்தால் தெரியாது. காட்டுக்குள் வளைந்து வளைந்து நடந்து, ஐந்து இடத்தில் நில்லுங்கள். ஒவ்வொரு இடத்திலும் 20 செடி பாருங்கள். மொத்தம் 100 செடி ஆகிவிடும். முட்டையோ, புதிய சுரண்டலோ, புழுவோ உள்ள செடிகளை எண்ணுங்கள். எழுதப் படிக்கச் சிரமம் என்றால், ஒரு செடிக்கு ஒரு கல் மடியில் போட்டுக்கொள்ளுங்கள். கடைசியில் கல்லை எண்ணினால் கணக்கு வந்துவிடும்.

2. பழைய ஓட்டையைப் பார்த்துப் பயப்படாதீர்கள். ஒருமுறை விழுந்த ஓட்டை இலை உள்ளவரை இருக்கும். புழு எப்போதோ போயிருக்கலாம். குருத்தை விரித்துப் பாருங்கள். எச்சம் ஈரமாக, புதிதாக இருக்கிறதா? புழு இருக்கிறதா? இல்லையென்றால் அந்தச் செடியைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

3. முட்டையைக் கண்டால் நசுக்குங்கள். இலையோடு சேர்த்து இரண்டு விரலால் அழுத்தினால் போதும். கையில் கிடைக்கும் புழுவைச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள்.

4. குருத்தில் மணல். ஒன்பது பங்கு மணலோடு ஒரு பங்கு சுண்ணாம்புத் தூள் கலந்து, பாதித்த செடியின் குருத்துக்குள் கொஞ்சம் போடலாம். இளம்பயிரில் மட்டும் செய்வது இது. சுண்ணாம்பு கையைப் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் ஆபத்து. கையுறையோ பாலித்தீன் பையோ மாட்டிக்கொண்டு, காற்றுக்கு எதிரே நிற்காமல் போடுங்கள்.

5. வேப்பங்கொட்டைக் கரைசல். 100 செடியில் 5 செடிக்குப் புதிய தாக்குதல் இருந்தால் இதை அடிக்கலாம். பத்து லிட்டர் டேங்க் ஒன்றுக்கு அரை கிலோ வேப்பம் பருப்பு வேண்டும். அதை இடித்து, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊற வையுங்கள். காலையில் துணியை இரண்டாக மடித்து வடிகட்டி, பத்து லிட்டராகத் தண்ணீர் சேர்த்து, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் கலந்து கொள்ளுங்கள். அன்றன்றைக்குச் செய்து, மாலை வேளையில், குருத்துக்குள் இறங்கும்படி அடிக்க வேண்டும். குட்டிப் புழுவுக்குத்தான் இது நன்றாக வேலை செய்யும்.

வேப்பம்பழம் விழுவது ஆனி, ஆடியில். புரட்டாசிப் பட்டத்துக்கு விதைப்பவர்கள் அப்போதே பொறுக்கி, நிழலில் உலர்த்தி வைத்துக்கொள்ளலாம். குழுவாகச் சேர்த்தால் விற்கவும் செய்யலாம்.

6. அதற்கு மேல் போனால். பயிர் வளர்ந்த பிறகு 100 செடியில் 10 முதல் 20 செடிக்கு மேல் புதிய தாக்குதல் இருந்தால் இரசாயன மருந்து தேவைப்படலாம். எந்த மருந்து, எவ்வளவு என்பதை உதவி வேளாண்மை அலுவலரிடமோ, வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேட்டு எழுதி வாங்குங்கள். உழவர் உதவி மையத்துக்கு 1800 180 1551 என்ற எண்ணில் கட்டணம் இல்லாமல் பேசலாம். "பக்கத்துக் காட்டுல இதைத்தான் அடிச்சாங்க" என்று கடையில் கொடுப்பதை வாங்காதீர்கள். இரண்டு மூன்று மருந்தை ஒன்றாகக் கலக்காதீர்கள். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் புழு அதற்குப் பழகிவிடும்.

மருந்து அடிப்பவர் முகத்துக்குத் துணி, முழுக்கைச் சட்டை, கையுறை அணிய வேண்டும். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் அந்தப் பக்கமே போக வேண்டாம். மருந்து அடித்த தட்டையை மாட்டுக்குப் போடவோ, பச்சைக் கதிரை ஒடித்துச் சாப்பிடவோ எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்பதையும் அலுவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். காலி டப்பாவில் தண்ணீர் மொள்ளும் பழக்கம் கூடவே கூடாது.

விதைக்கும் முன்பே செய்ய வேண்டியவை

* கோடை உழவு. மண்ணுக்குள் இருக்கும் கூட்டுப்புழு மேலே வந்து வெயிலில் காயும். மைனாவும் கொக்கும் பொறுக்கித் தின்னும்.
* கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் பிண்ணாக்கு.
* நேர்த்தி செய்த விதை. முதல் இரண்டு மூன்று வாரம் பயிரைக் காக்கும். மீந்த விதையைக் கோழிக்குப் போட்டுவிடாதீர்கள், அதில் மருந்து இருக்கிறது.
* வரப்போரம் தட்டைப்பயறு, எள், சூரியகாந்தி. ஊடுபயிராக உளுந்து. நன்மை செய்யும் பூச்சிகள் அங்கே தங்கும். நமக்கும் கொஞ்சம் பயறு கிடைக்கும்.
* ஏக்கருக்கு 5 இனக்கவர்ச்சிப் பொறி. இதில் ஆண் பூச்சி மட்டும்தான் விழும். பொறியில் பூச்சி விழ ஆரம்பித்தால், "முட்டை வைக்க வந்தாச்சு, காட்டுக்குப் போய்ப் பாரு" என்று நமக்குச் சேதி.
* ஏக்கருக்கு 10 இடத்தில் கவட்டைக் குச்சி நட்டு வையுங்கள். கரிச்சான் குருவி உட்கார்ந்து புழுவைப் பிடிக்கும்.

நண்பர்களை நசுக்காதீர்கள்

காட்டில் இருக்கும் எல்லாப் பூச்சியும் எதிரி இல்லை. பொறிவண்டு, சிலந்தி, வாலில் இடுக்கி உள்ள பூச்சி, சின்னக் குளவிகள் இவை எல்லாம் படைப்புழுவின் முட்டையையோ புழுவையோ அழிக்கும். உடம்பு முழுக்க வெள்ளையாகவோ பச்சையாகவோ மாவு பூத்து, விறைத்துச் செத்துக் கிடக்கும் புழுவைப் பார்த்தால் அப்படியே விட்டுவிடுங்கள். அது புழுவுக்கு வரும் பூசண நோய். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பரவி மற்ற புழுக்களையும் கொல்லும். பார்த்தவுடனே மருந்தடித்தால் முதலில் சாவது இந்த நண்பர்கள்தான்.

தனியாகச் செய்தால் பாதிப் பலன்தான்

நாம் நம் காட்டில் முட்டையை நசுக்கினாலும், பக்கத்துக் காட்டில் பூச்சி உருவானால் மறுபடி நம்மிடம்தான் வரும். ஊரில் ஒருவர் முன்னதாகவும், இன்னொருவர் ஒரு மாதம் கழித்தும் விதைத்தால், பூச்சிக்கு எப்போதும் இளங்குருத்து கிடைத்துக்கொண்டே இருக்கும். ஒரே பட்டத்தில், ஒரு வார இடைவெளிக்குள் எல்லோரும் விதைத்தால் அதற்குத் தொடர் விருந்து கிடைக்காது.

இது ஒரு வீட்டில் முடிவு செய்கிற காரியம் இல்லை. குழுக் கூட்டத்தில், ஊராட்சி அளவிலான கூட்டமைப்பில் பேசி முடிவு செய்கிற காரியம்.

உறுப்பினர்கள் கேட்ட சந்தேகங்கள்

*"இலை எல்லாம் ஓட்டையாயிடுச்சு. பயிரை அழிச்சுட்டு வேற போட்டுடலாமா?"*
அவசரப்படாதீர்கள். இளம்பயிரில் இலை சேதமானாலும், நடுக்குருத்து உயிரோடு இருந்தால் மக்காச்சோளம் தேறி வரும். ஈரமும் உரமும் சரியாகக் கிடைக்கட்டும். குருத்தைப் பார்த்து, அலுவலரிடமும் கேட்டு முடிவு செய்யுங்கள்.

*"கதிர் வந்த பிறகு புழு தெரியுது. மருந்து அடிக்கலாமா?"*
அந்த நேரத்தில் அடிக்கும் மருந்துக்குச் செலவுக்கேற்ற பலன் கிடைப்பது கடினம். கதிருக்குள் இருக்கும் புழுவின் மேல் மருந்து படாது. கையால் பொறுக்கி அழிப்பதே மேல்.

*"மழை பெய்தால் புழு போயிடுமா?"*
குட்டிப் புழுக்கள் பலத்த மழையில் கழுவிப் போகும், குருத்தில் நிற்கும் தண்ணீரில் சாகும். ஆனால் மழையை நம்பிப் பார்க்காமல் விட்டுவிடக் கூடாது. மழை நின்ற மறுநாளே ஒரு நடை போய்ப் பாருங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

1. நம் குழுவில் எத்தனை பேர் மக்காச்சோளம், சோளம், கம்பு போடுகிறார்கள்?
2. முட்டைக் குவியலை நேரில் பார்த்தவர் யார்? அடுத்த முறை பார்க்கும்போது அந்த இலையைக் கிள்ளி ஒரு மூடிய பாட்டிலில் போட்டுக் கூட்டத்துக்குக் கொண்டுவர முடியுமா? எல்லோரும் பார்த்ததும் அழித்துவிடுங்கள்.
3. இந்தப் பட்டத்தில் எந்த வாரம் எல்லோரும் விதைக்கலாம்?
4. வாரம் இரண்டு நாள், இரண்டு இரண்டு பேராக மாற்றி மாற்றிக் காடுகளைச் சுற்றிப் பார்க்க முடியுமா?
5. பொறிகளைக் குழுவாகச் சேர்ந்து வாங்கினால் ஒருவருக்கு எவ்வளவு ஆகும்?

ஊக்குநர்கள் இந்தப் பாடத்தைக் கூட்டத்தில் உரக்கப் படித்துக் காட்ட வேண்டுகிறோம். கவட்டை அடையாளத்தையும், நாலு புள்ளிக் கோலத்தையும் தரையில் சாக்பீஸால் வரைந்து காட்டுங்கள். கூலிக்குக் களையெடுக்கப் போகும் சகோதரிகளுக்கும் சொல்லுங்கள். யார் காடாக இருந்தாலும் முட்டையைக் கண்டால் நசுக்கட்டும், காட்டுக்காரரிடம் சொல்லட்டும்.

நம் உறுப்பினர் தள்ளிக் கேட்ட தவணையை இப்போது கட்ட ஆரம்பித்துவிட்டார். வரும் பட்டத்துக்கு மறுபடி மக்காச்சோளம்தான் போடப் போகிறாராம். "இந்தத் தடவை மருந்துக்கடைக்கு முன்னாடி நான் போய்ப் பார்த்துடுவேன்" என்கிறார். களையெடுக்க வரும் எட்டுப் பேருக்கும் முட்டை எப்படி இருக்கும் என்று சொல்லிக் கொடுத்த பிறகுதான் கொத்தைக் கையில் கொடுக்கப் போகிறாராம்.

நீங்களும் பார்த்ததை, செய்ததை எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.